இழை உழைத்த நேரம்

மிளகும் சுக்கும் மணக்கும் மட்டாஞ்சேரித் தெருக்களை விட்டு மேற்குப் பக்கமாக நடந்து, ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்று வழங்கும் பகுதியை அடைகிற தமிழனுக்கு, மலையாள நாட்டின் நடுவே எதிர்பாராத ஓர் ஆறுதல் காத்திருக்கிறது. அங்கே உள்ள தோபிகானா என்னும் சலவைத் துறையில், கல்லில் துணி அறையும் ஓசைக்கு இடையே கேட்பது தமிழ். டச்சுக்காரர்களும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர்களும் கொச்சியில் படை வைத்திருந்த காலத்தில், சிப்பாய்களின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் என்று தங்கள் பூர்வ கதையைச் சொல்லும் வண்ணார் சமூகத்தார் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். இப்போதுள்ள கட்டடத்தை 1976இல் கிரேட்டர் கொச்சின் டெவலப்மென்ட் அதாரிட்டி கட்டிக் கொடுத்தது. வரிசையாகத் தடுத்த தொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கல், வெளியே துணி உலர்த்தும் பரந்த மைதானம், உள்ளே இஸ்திரி மேஜைகள். கொடியில் துணியைப் பிடித்து நிறுத்தக் கிளிப் கிடையாது. முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே முனையைச் செருகிவிடுகிறார்கள், கடற்காற்று எவ்வளவு வீசினாலும் துணி பறப்பதில்லை.

கம்ப்யூட்டர் புரோகிராம்கள் ஏன் தாமதப்படுகின்றன என்று ஆராய்வதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். ஆகவே எங்கே போனாலும் கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு துர்ப்பழக்கம் எனக்கு உண்டு. ஒருமுறை ஒரு படுக்கை விரிப்பை அங்கே வெளுக்கப் போட்டு, அது பட்ட பாட்டை விளையாட்டாகக் குறித்து வைத்தேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கொடுத்த விரிப்பு, புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத்தான் கைக்கு வந்தது: 58 மணி நேரம். ஆனால் அந்த 58 மணி நேரத்தில் ஒரு மனிதருடைய கை அந்த விரிப்பின்மேல் இருந்த நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால், ஊறப்போட, கல்லில் அறைய, அலச, கஞ்சி முக்க, கொடியில் செருக, இஸ்திரி போட, எல்லாம் சேர்ந்து 25 நிமிஷத்துக்கு மேல் போகவில்லை. மிச்சம் முழுவதும் விரிப்பு சும்மா இருந்தது. அதிலும் இரண்டு விதம் உண்டு. ஊறுகிறபோதும் வெயிலுக்குக் காய்கிறபோதும் யாரும் அதற்கு ஒன்றும் செய்ய இயலாது. ஆனால் காய்ந்து மடிக்கப்பட்டு இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டு, முன்னே உள்ள ஹோட்டல் துணி மூட்டை முடியட்டும் என்று கிடந்த நேரம் வேறு ஜாதி. மேஜை ஒன்று காலியானால் அந்தக் க்ஷணமே வேலை நடக்கும், காலியாகவில்லை என்பதொன்றே தடை.

இந்த மூன்று நிலைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கம்ப்யூட்டர்க்காரர்கள் 'த்ரெட்' என்று சொல்கிற வஸ்துவைப் பாதி புரிந்துகொண்ட மாதிரிதான். ஒரு புரோகிராம் என்பது ஒரு குடும்பம் என்று கொண்டால், அதற்குள் ஒரே சமயத்தில் வெவ்வேறு காரியங்களைப் பார்க்கிற ஆட்களே த்ரெட்டுகள். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நூல் என்று பொருள். நாம் இழை என்று சொல்லலாம், துணி பற்றிய கட்டுரையில் அது பொருத்தமாகவும் இருக்கிறது. ஒரு சாதாரண ஆபீஸ் சர்வரில் நூற்றுக்கணக்கான இழைகள் இருக்கும்; அவற்றை ஓட்டும், 'கோர்' எனப்படும் பிராசஸர் கருக்களோ நாலோ எட்டோதான். ஆகையால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நெஞ்சாகிய கெர்னல், ஷெட்யூலர் என்னும் தன் அங்கத்தைக் கொண்டு, ஒவ்வோர் இழைக்கும் சில மில்லிசெகண்டு வீதம் முறை வைத்துக் கொடுத்து, எல்லாமே ஒருங்கே ஓடுகிற ஒரு மாயத் தோற்றத்தை உண்டாக்குகிறது. எந்த இழையும் எந்தக் க்ஷணத்திலும் மூன்றில் ஒரு நிலையில் இருக்கும்: கருவின்மேல் ஏறி ஓடிக்கொண்டிருக்கும்; அல்லது ஓடத் தயாராக இருந்தும் கரு கிடைக்காமல் வரிசையில் நிற்கும்; அல்லது டிஸ்க்கிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ வேறோர் இழையிடமிருந்தோ வரவேண்டியது வரும்வரை உறங்கும். கல்லின்மேல் விரிப்பு, மேஜைக்குப் பக்கத்தில் விரிப்பு, கொடியில் விரிப்பு.

சுவர்க் கடிகாரம் காட்டுகிற நேரம் இம்மூன்றையும் கூட்டியது. பிராசஸர் நேரம் என்பது முதலாவது நிலை மட்டும். ஒரு புரோகிராம் தாமதமாகிறது என்ற புகார் வரும்போதெல்லாம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இந்த இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதே. இரண்டும் ஏறத்தாழச் சமமானால், உண்மையாகவே கணக்கு அதிகம். கணக்கைக் குறைக்க வழி பார்க்க வேண்டும். பிராசஸர் நேரம் சொற்பமாகவும் வரிசையில் நின்ற நேரம் மிகுதியாகவும் இருந்தால், கருக்களுக்கு மேற்பட்ட ஆட்களை அமர்த்திவிட்டோம். உறக்கமே பெரும்பகுதி என்றால், பிராசஸரைக் குறை சொல்வது மழைக்கு இஸ்திரிக்காரரைக் குறை சொல்வதற்கு ஒப்பாகும்.

அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஏலக்காயும் மிளகும் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில், ரசீது ஒன்று திரைக்கு வர மூன்று செகண்டுக்கு மேல் பிடிக்கிறது என்றும், வரி, தரப் பிரிவு, அந்நியச் செலாவணி என்று கணக்குச் சிக்கலாகிவிட்டதால் பிராசஸர் திணறுகிறது என்றும் தீர்மானமாகச் சொல்லி, புது மெஷினுக்கு விலைப்பட்டியல்கூட வாங்கிவிட்டிருந்தார்கள். ரசீது தயாரிக்கும் இழையைத் தனியாகப் பிடித்து அளந்தபோது, சுவர்க் கடிகாரப்படி 3.1 செகண்டு, அந்த இழை பிராசஸரை உபயோகித்தது 0.04 செகண்டு. சிக்கலான கணக்கு என்று எல்லோரும் பழித்தது இமைப்பொழுதில் முடிந்து போயிருந்தது. மிச்ச நேரம் அது, ஒரு சமயத்தில் ஓர் இழைக்கு மட்டும் இடம் கொடுக்கும் ஒரு பூட்டுக்காகக் காத்து உறங்கியது. அந்தப் பூட்டைக் கையில் வைத்திருந்த வேறோர் இழை, அன்றைய பேரேடு முழுவதையும் இன்னொரு டிஸ்க்குக்குச் சாவகாசமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. பிரதி எடுப்பதை இரவுக்கு மாற்றினோம். புது மெஷின் வாங்கியிருந்தால் அதிலும் அந்த இழை அதே நிம்மதியோடு உறங்கியிருக்கும்.

இனி, இந்தக் கணக்கை யார் எழுதி வைக்கிறார்கள், எவ்வாறு எழுதுகிறார்கள் என்ற விஷயத்துக்கு வருவோம். சுவாரஸ்யம் எல்லாம் இங்கேதான் இருக்கிறது. பிராசஸர் நேரம் பொன்னாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1961இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவும் சகாக்களும் ஒரே மெஷினைப் பலர் ஒருங்கே பங்கிட்டுக்கொள்ளும் முறையைச் செய்து காட்டியதிலிருந்து, யார் எவ்வளவு உபயோகித்தார்கள் என்று பங்கு பிரித்து எழுதுவது தவிர்க்கமுடியாத காரியமாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் ஐ.பி.எம். 370 வந்த தலைமுறையில், அட்டைக் கட்டோடு வரிசையில் நின்ற மாணவருக்கு மெஷினின் நிமிஷம் என்பது ரேஷன் அரிசி போன்றது. இன்று கையிலுள்ள டெலிபோனிலேயே எட்டுக் கரு இருக்கிறதே, இன்னும் என்ன கணக்கு என்று கேட்கலாம். ஆனால் பாட்டரி தீருவதும், வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வரின் பில் ஏறுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கைக் கவனியாததால்தான்.

பழைய முறை ஆஜர் பட்டியல் முறை. செகண்டுக்கு நூறு தடவை ஒரு மணி அடிக்கும். அடித்த க்ஷணத்தில் கருவின்மேல் எந்த இழை இருக்கிறதோ, அதன் பேரில் முழுப் பத்து மில்லிசெகண்டும் எழுதப்படும். சராசரியில் இது மோசமில்லை. ஆனால் செகண்டுக்கு 300 கோடி துடிப்பு வேகமுள்ள பிராசஸருக்குப் பத்து மில்லிசெகண்டு என்பது மூன்று கோடித் துடிப்பு. அதற்குள் எத்தனையோ இழைகள் ஏறி இறங்கியிருக்கக்கூடும். மணிக்கு ஒரு முறை மட்டும் எட்டிப் பார்க்கிற மேஸ்திரி, எட்டிப் பார்த்த சமயத்தில் கல்லருகே நின்றவர்தான் மணி முழுவதும் கல்லை உபயோகித்தார் என்று வாடகை எழுதினால் என்ன ஆகும்? பாவப்பட்டவன் பேரில் பழியும், சாமர்த்தியசாலிக்கு ஓசி உபயோகமும் விளையும்.

இந்தச் சாமர்த்தியம் கற்பனையன்று. 2007ஆம் ஆண்டு டான் சஃப்ரிர், யோவ் எட்ஸியன், ட்ரோர் ஃபைட்டல்சன் என்னும் மூவர் ஒரு கட்டுரையில் அதைச் செய்தே காட்டினார்கள். மணி அடித்ததும் எழுந்து ஓடி, அடுத்த மணிக்குச் சற்று முன்னே படுத்து உறங்கிவிடும் ஒரு புரோகிராம், மேலதிகாரியின் விசேஷ அனுமதி எதுவுமின்றி, பிராசஸரின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டும், கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் உபயோகிக்காத சாதுவாகக் காட்சியளிக்கும். அப்போது வழக்கிலிருந்த பல ஆபரேட்டிங் சிஸ்டங்கள் இதற்கு ஏமாந்தன. அவர்களுடைய ஆராய்ச்சிக்கு இருப்பிடம் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகம் என்பதை இங்கே மட்டாஞ்சேரியில் உட்கார்ந்து எழுதும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1948க்குப் பின் இங்குள்ள யூதத் தெருவின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போன இஸ்ரேல் தேசம் அது. அவர்கள் விட்டுச்சென்ற பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது; அதன் மணிக்கூண்டு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், டச்சுக்காரர்களோடு வியாபாரம் செய்த எசக்கியேல் ரஹபி எழுப்பியது. அந்தக் கூண்டில் ஹீப்ரு எண், ரோமன் எண், மலையாள எண் என்று முகத்துக்கு முகம் வேறு. நேரம் ஒன்றானாலும் பார்க்கிறவனுக்கு ஏற்ப முகம் வேறு என்பதை 18ஆம் நூற்றாண்டு மட்டாஞ்சேரி அறிந்திருந்தது. லினக்ஸ் என்னும் ஆபரேட்டிங் சிஸ்டத்திலும் ஒரே அழைப்பில் கேட்கக்கூடிய கடிகாரங்கள் பல உண்டு: நாட்காட்டி நேரம் ஒன்று, பின்னோக்கித் திரும்பாத நேரம் ஒன்று, புரோகிராம் முழுவதும் உழைத்த நேரம் ஒன்று, கேட்கிற இழை மட்டும் உழைத்த நேரம் ஒன்று. ஆனால் மணிக்கூண்டில் எல்லா முகமும் ஒரே இயந்திரத்தால் ஓடுவன. இங்கே கடைசி இரண்டு கடிகாரங்களும் வேலை நின்றால் தாமும் நின்றுவிடும்.

ஆஜர் பட்டியலுக்கு மாற்று, வாசலில் உட்கார்ந்து போக வர எழுதும் கணக்கு. 2007இலேயே இங்கோ மோல்னார் எழுதிய புதிய ஷெட்யூலர் லினக்ஸில் சேர்ந்தது. ஓர் இழை கருவின்மேல் ஏறும்போதும் இறங்கும்போதும் நானோசெகண்டு அளவில், அதாவது ஒரு செகண்டை நூறு கோடியாகப் பகுத்த அளவில், நேரத்தைப் பார்த்து வித்தியாசத்தை அந்த இழையின் பேரில் வரவு வைப்பது அதன் வழக்கம். மொத்தம் இவ்வாறு துல்லியமாயிற்று. ஆனால் மெஷினைப் பரிபாலிக்கிறவர்கள்கூடப் பலர் அறியாத ஒரு சூக்ஷ்மம் உண்டு. 'டைம்' என்னும் கட்டளை, சுவர்க் கடிகார நேரத்தோடு, புரோகிராம் தன் சொந்த வேலைக்குச் செலவிட்ட நேரம், அதன் பொருட்டுக் கெர்னல் ஊழியம் செய்த நேரம் என்று இரண்டையும் தனித்தனியே காட்டும். சாதாரண அமைப்புகளில் இவ்விரண்டின் கூட்டுத்தொகை துல்லியமானது. பங்கீடு மட்டும் இன்னும் அந்தப் பழைய மணியடிப்பின் விகிதப்படியே பிரிக்கப்படுகிறது. கூட்டை நம்பலாம், பாகத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். இன்னொன்று: நாலு கருவில் நாலு இழைகள் ஒரு செகண்டு ஓடினால் பிராசஸர் நேரம் நாலு செகண்டு ஆகும். சுவர்க் கடிகாரத்தை அது மிஞ்சுவதைக் கண்டு புதியவர்கள் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் ஒரு மணி அறைந்தால் நாலு ஆள்-மணி என்பதில் திகைக்க என்ன இருக்கிறது?

மொத்தம் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தக் காரியத்தின் நடுவே எது நடந்தது என்று தெரியவேண்டும். அதற்குத்தான் ட்ரேஸ் எடுப்பது. சன் நிறுவனத்தின் சோலாரிஸில் டிட்ரேஸ், லினக்ஸில் 2008 முதல் எஃப்ட்ரேஸ், இப்போது கூகிளின் பெர்ஃபெட்டோ என்று இதற்குக் கருவிகள் பல. ஷெட்யூலர் இழை மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி பதிவாகும். பின்னர் அந்த வரிகளைச் சேர்த்து, இழைக்கு ஒரு கொடியாக வண்ணப்பட்டைகள் வரைந்து காட்டுவார்கள். ஓடிய நேரம் ஒரு நிறம், வரிசையில் நின்றது ஒரு நிறம், உறங்கியது வெறுமை. பழகிய கண்ணுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததுமே எங்கே நோய் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வகை ட்ரேஸ் புரோகிராம் எழுதியவரே வைப்பது. ரசீது தொடங்கியது, ரசீது முடிந்தது என்று இரண்டு இடத்தில் குறி போட்டு, இரு இடத்திலும் கடிகாரம் பார்த்தால், இடைப்பட்ட துண்டின் நீளம் கிடைக்கும். சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஒரு நீளம். இழையின் சொந்தக் கடிகாரத்தையும் கூடவே பார்த்தால் இரண்டு நீளம். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும் கருவியே எனக்குப் பிடித்தது. ஆனால் ஒரு சங்கடம். சுவர்க் கடிகாரத்தைக் கெர்னலுக்குள் நுழையாமலே, வாசலில் மாட்டியிருப்பதைப் பார்ப்பதுபோலச் சில பத்து நானோசெகண்டில் பார்த்துவிடலாம். இழையின் கடிகாரத்தைக் கேட்கவோ பொதுவாகக் கெர்னலின் உள்ளே போய்க் கணக்குப் பிள்ளையை எழுப்பவேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கான நானோசெகண்டு ஆகும். ஒரு தடவைக்கு 300 என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சம் துண்டுகளின் இரு முனைகளுக்கும் சேர்த்து 0.6 செகண்டு அளப்பதிலேயே போயிற்று. அந்தச் செலவும் அளக்கப்படுகிற இழையின் பேரிலேயே எழுதப்படும். இதனால்தான் பல கருவிகளில் பிராசஸர் நேரம், வேண்டுகிறவர்கள் மட்டும் திறந்துகொள்ளும் ஒரு தனிக் குழாயாக இருக்கிறது. மிகச் சிறு துண்டுகளுக்கெல்லாம் அதைத் திறந்துவிட்டு, புரோகிராம் மெதுவாகிவிட்டதே என்று வியக்கிறவர்களும் உண்டு.

அடுத்த சங்கடம் இதைவிட நுட்பமானது. தோபிகானாவில் விரிப்பை அறைந்தவர் ஒருவர், இஸ்திரி போட்டவர் வேறொருவர். தற்காலப் புரோகிராம்களிலும் ஒரு ரசீதின் முற்பாதியை ஓர் இழையும், தகவல் வந்தபின் பிற்பாதியை வேறோர் இழையும் செய்வது சர்வ சாதாரணம். தொடக்கத்தில் முதல் இழையின் கடிகாரத்தையும் முடிவில் இரண்டாம் இழையின் கடிகாரத்தையும் பார்த்துக் கழித்தால் கிடைக்கிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. சில சமயம் அது பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். இதற்குப் பரிகாரம் சலவைத் தொழில் என்றோ கண்டது. சேங்கொட்டைச் சாற்றால் துணியின் ஓரத்தில் இடும் குறி எத்தனை வெளுப்புக்கும் அழியாது. எத்தனை கை மாறினாலும், இது இன்ன வீட்டுத் துணி என்று அது சொல்லிக்கொண்டே போகும். அவ்வாறே ட்ரேஸ் கருவிகளும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, அது போகிற இழைகளுக்கெல்லாம் அந்த எண்ணையும் கூடவே அனுப்பி, ஒவ்வொரு கையிலும் பட்ட நேரத்தைத் தனித்தனியே அளந்து கடைசியில் கூட்டுகின்றன. குறி போடாத விரிப்பு காணாமற்போகிற மாதிரியே, எண்ணைக் கைவிட்ட இடத்தில் கணக்கும் அறுந்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின்னும், பிராசஸர் நேரம் என்ற எண்ணுக்குள் எல்லாம் உழைப்பு என்று நம்பிவிடக் கூடாது. கல்லருகே நிற்கிறவர், குழாயில் தண்ணீர் வரட்டும் என்று வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் கல்லருகே நின்றதாகவே கணக்கு. பிராசஸரும் அப்படியே: தனக்கு வேண்டிய எண் தொலைவிலுள்ள நினைவகத்திலிருந்து வந்து சேரும்வரை நூற்றுக்கணக்கான துடிப்புகள் வெறுமனே கழியும், ஷெட்யூலரின் கண்ணுக்கு அது உறக்கமாகத் தெரியாது. சூடு ஏறினாலோ பாட்டரி குறைந்தாலோ கருவே தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். அப்போது அதே வேலைக்கு அதிக செகண்டு பதிவாகும். ஒரே கருவை இரண்டு இழைகள் பங்கிட்டுக்கொள்ளும்படி அமைத்த பிராசஸர்களில், பாதி வேகத்தில் ஓடினாலும் இரண்டு பேர் பேரிலும் முழு நேரமும் எழுதப்படும். வாடகை சர்வரில் இன்னும் விசித்திரம்: நம் மெஷின் ஓடுவதாக எண்ணியிருந்த நேரத்தில், நம் சர்வரையும் பிறருடையவற்றையும் தாங்கும் அடிமெஷின் வேறொருவருக்குக் கருவைக் கொடுத்துவிட்டிருக்கும், அதைத் 'திருடப்பட்ட நேரம்' என்றே லினக்ஸ் தனிப் பத்தியில் காட்டுகிறது. ஆகவே துல்லியம் வேண்டுகிறவர்கள் செகண்டோடு நிற்காமல், எத்தனை துடிப்பு, எத்தனை கட்டளை நிறைவேறிற்று என்று பிராசஸரின் உள் எண்ணிகளையும் கேட்டுப் பார்க்கிறார்கள். அது ஒரு தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இந்த வாரம் போட்ட விரிப்பு நாலாம் நாளாகியும் வரவில்லை. கை பட்ட நேரம் பழைய 25 நிமிஷம்தான் இருக்கும், கொடியில் தொங்குகிற நேரம்தான் நீண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும், ஒரு விளையாட்டுக்காக, எழுதுவதற்கு உபயோகித்த எடிட்டர் எவ்வளவு பிராசஸர் நேரம் எடுத்துக்கொண்டது என்று மெஷினைக் கேட்டேன். திறந்து வைத்திருந்தது ஐந்து மணி பத்து நிமிஷம். உழைத்தது 41 செகண்டு.